பாலாற்று மணலின் கறுப்பு வெள்ளை: ஒளிப்பட அச்சாக்கமும் சட்டக அமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மணல்வெளியைக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்போர் பலரும் சந்திக்கும் இடர் ஒன்று உண்டு: கண்ணுக்கு விரிந்து ஒளிர்ந்த வெளி, காகிதத்தில் மங்கிய சாம்பல் பரப்பாகச் சுருங்கிவிடுகிறது. இவ்விடர் எங்கிருந்து எழுகிறது, வடிகட்டி, ஒளியேற்றம், இருட்டறை அச்சு, சட்டக அமைப்பு ஆகியவற்றால் எவ்வாறு தீர்கிறது என்பதைக் காஞ்சிபுரத்தை ஒட்டிய பாலாற்று மணற்படுகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. படத்தைச் செம்மையாக்கும் அதே செயல்கள் படத்தின் சான்றுத்தன்மையை எவ்வளவு மாற்றுகின்றன என்ற வினாவும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கறுப்பு வெள்ளை ஒளிப்படம், பாலைத்திணை, பாலாறு, இருட்டறை அச்சு, சட்டக அமைப்பு, ஆன்சல் ஆடம்ஸ், லின்னேயஸ் டிரைப்

முன்னுரை

தமிழ் நிலப்பாகுபாட்டில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டு கொள்ளும் வடிவமே பாலை எனச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை கூறுவதை இலக்கிய மாணவர் அனைவரும் அறிவர். நிலையான பாலைவனம் ஒன்றை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. கெட்டுப்போன நிலம் எதுவும் பாலையாகலாம் என்பது இதன் உட்பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிச் சாலையில் தெற்கே சென்று செவிலிமேட்டுப் பாலத்தில் நிற்பவருக்கு இவ்வுட்பொருள் விளக்கமின்றியே புலப்படும். நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கருநாடகம், ஆந்திரம், தமிழகம் என ஏறத்தாழ 348 கி.மீ. ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதியில் இங்கே நீரற்ற மணற்பரப்பாகவே கிடக்கிறது. 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடிய பெருவெள்ளம் போன்றவை அரிய விதிவிலக்குகள்.

இம்மணற்பரப்பைப் படமெடுப்போர் பலர். மாணவர், செய்தியாளர், நீரியல் ஆய்வாளர், அழகுணர்ச்சியால் வருவோர் என அவர்தம் நோக்கங்கள் வேறு வேறு. ஆயினும் மணலைக் கறுப்பு வெள்ளையில் பதிவதன் தொழில்நுட்பம் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஒளிப்படத்தை ஆய்வுச் சான்றாகக் கையாளும் நம் துறையினரும் ‘படம்’ என்று ஒன்றையே குறிப்பிடுகின்றனரேயன்றி, எதிர்ப்படம் வேறு, அச்சு வேறு என்ற வேறுபாட்டைப் பெரும்பாலும் கருதுவதில்லை. இவ்விரு குறைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அச்சு எவ்வாறு உருவாகிறது என்பதை அறியாதவர், அச்சு எதைச் சொல்கிறது என்பதையும் முழுமையாக அறிய இயலாது.

நிறம் சாம்பலாகும் இடம்

காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலை ஒன்றிலிருந்து தொடங்குவது எளிது. அரக்கு உடலும் பச்சைக் கரையும் கோர்வையாக இணைந்த சேலையில், உடலையும் கரையையும் பிரித்துக் காட்டுவது நிறவேறுபாடு. இரண்டின் ஒளிர்வும் ஏறக்குறைய ஒன்றாக இருக்குமாயின், வடிகட்டி இல்லாமல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் கோர்வைக் கோடே மறைந்துபோகக்கூடும். அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். வில்லைக்கு முன் சிவப்பு வடிகட்டியை வைத்தால் உடல் வெளிறிக் கரை கருக்கும். பச்சை வடிகட்டியை வைத்தால் கரை வெளிறி உடல் கருக்கும். ஒரே சேலை, மூன்று வேறு படங்கள். நெசவாளர் சாயத் தொட்டியில் செய்யும் தேர்வை ஒளிப்படக்காரர் வில்லையின் முன் செய்கிறார் எனலாம்.

மணல்வெளியில் நிகழ்வதும் இதுவே. உலர்ந்த மணல் வெளிர் மஞ்சள் பழுப்பு, வானம் நீலம். கண்ணுக்கு இரண்டும் முற்றிலும் வேறு. ஆனால் ஒளிர்வில் அவற்றிடையே உள்ள வேறுபாடு சிறிது. ஆகவே காகிதத்தில் கீழே ஒரு சாம்பல், மேலே ஒரு சாம்பல், நடுவே ஒரு கோடு என்று படம் தட்டையாகிவிடுகிறது. மஞ்சள் வடிகட்டி நீலத்தைச் சற்றே தடுக்கிறது; ஆரஞ்சு மிகுதியாகத் தடுக்கிறது; அடர்சிவப்பு வானத்தை ஏறக்குறைய இரவாக்குகிறது. இதற்கு விலையும் உண்டு. மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, அடர்சிவப்புக்கு மூன்று என ஒளியேற்றத்தைக் கூட்டியாக வேண்டும்.

வடிகட்டி வானத்தை மட்டும் மாற்றுவதில்லை என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி. மணல் அலைகளின் ஒளிபடும் முகத்தில் வெயில் விழுகிறது. நிழல் முகத்தில் வெயில் இல்லை, நீல வானத்தின் சிதறொளி மட்டுமே உண்டு. எனவே நிழல்கள் உண்மையில் நீலச் சாயல் கொண்டவை. ஆரஞ்சு வடிகட்டி அந்நிழல்களையும் கருக்கச் செய்கிறது. அலையின் முகடும் பள்ளமும் கூர்மையாகப் பிரிகின்றன. தூத்துக்குடி மாவட்டத் தேரிகளின் செம்மணலில் இவ்விளைவு இன்னும் மிகும். நீலத்தை மட்டும் உணரும் பழைய தகட்டில் அத்தேரி கரிய நிலமாகப் பதியும்; சிவப்பு வடிகட்டியுடன் இன்றைய படச்சுருளில் அதுவே வெண்மணற் குன்றாகத் தோன்றும். ‘மணலின் உண்மையான சாம்பல் நிறம் எது?’ என்ற கேள்விக்குக் கறுப்பு வெள்ளையில் விடை இல்லை. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும்.

இவ்விடத்தில் வரலாற்றுக் குறிப்பு ஒன்று. வெள்ளி உப்புகள் இயல்பாக நீலத்தையும் புற ஊதாக் கதிரையும் மட்டுமே நன்கு உணர்பவை. சாயமேற்றி அவற்றின் உணர்திறனைப் பச்சை நோக்கி விரிக்கலாம் என்பதை ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873இல் கண்டறிந்தார். அதற்கு முந்தைய படங்களில் வானம் முழு வெண்மையாகக் கிடப்பதற்குக் காரணம் வானிலை அன்று, வேதியியல்.

அளவிகள் செய்யும் பிழை

மணலை அளந்து எடுத்த படம் ஏன் இருண்டு வருகிறது என்று மாணவர்கள் அடிக்கடி வினவுவதுண்டு. ஒளிமானி தனக்கு முன் உள்ள எதையும் நடுச்சாம்பலாகவே கருதுகிறது; அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை மீளத் தரும் பரப்பாக. உலர்ந்த மணல் அதனினும் வெளிறியது. ஆகவே மானி சொன்னபடி எடுத்தால் மணல் நடுச்சாம்பலுக்கு இழுக்கப்படும். ஒரு ஸ்டாப், சில நேரம் ஒன்றரை ஸ்டாப் கூட்டுவது வழக்கம். ஈரமணலுக்கு இவ்வளவு தேவையில்லை. நீர் புகுந்த மணல் ஒளியை உள்ளே ஈர்த்துக்கொள்வதால் கருத்திருக்கும்.

இதனை முறைப்படுத்தியது ஆன்சல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த மண்டல முறை. முழுக்கருமை முதல் முழுவெண்மை வரையிலான சாம்பற்படிகளை எண்ணிட்டு, காட்சியின் எப்பகுதி எப்படியில் அமர வேண்டும் என்பதை எடுக்கும்போதே தீர்மானிப்பது இதன் சாரம். வெயில்பட்ட மணல் தன் சொரசொரப்பை இழக்காமல் இருக்க ஆறாம் அல்லது ஏழாம் மண்டலத்தில் அமர வேண்டும். எட்டுக்கு மேல் சென்றால் மணற்பொடி மறைந்து வெறும் வெண்மை எஞ்சும். ஒளியேற்றம் நிழலைக் காக்கிறது; உருத்துலக்கும் நேரம் வெளிச்சப் பகுதியைக் கட்டுப்படுத்துகிறது.

உருத்துலக்கும் நேரம் என்றவுடன் நம் ஊர் வெயிலையும் சொல்லியாக வேண்டும். கையேடுகள் 20 பாகை செல்சியசைத் தரமாகக் கொள்கின்றன. காஞ்சிபுரத்துக் குழாய்நீர் கோடையில் 30 பாகையைத் தாண்டும். 20 பாகையில் 10 நிமிடம் பிடிக்கும் வேலை 24 பாகையில் ஏறத்தாழ 7 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கும் மேலே வெப்பம் ஏறினால் நேரத்தைச் சீராகக் கட்டுப்படுத்துவதே கடினம், படலமும் இளகும். மணல்போன்ற வெளிறிய பொருளில் இதன் விளைவு உடனே தெரியும்: வெளிச்சப் பகுதி அடைபட்டு, அச்சில் எவ்வளவு முயன்றாலும் சுண்ணாம்புபோல் நிற்கும். பனிக்கட்டி இட்ட தொட்டியில் கரைசல் கலன்களை நிறுத்துவதே எளிய வழி. விடியற்காலையில் வேலை செய்வது அதனினும் எளிது.

சாய்வெயிலும் நண்பகலும்

மணல் அலை ஒன்றின் உயரம் 2 செ.மீ. எனக் கொள்வோம். கதிரவன் தொடுவானிலிருந்து 45 பாகை உயரத்தில் இருந்தால் அதன் நிழல் 2 செ.மீ.; 10 பாகை உயரத்தில் இருந்தால் 11 செ.மீ.க்கு மேல். அலையின் வடிவைக் கண்ணுக்குக் காட்டுவது இந்நீண்ட நிழலே. ஆகவேதான் மணல்வெளிப் படங்களுக்குக் காலையும் மாலையும் உகந்தவை எனக் கையேடுகள் யாவும் கூறுகின்றன. எட்வர்டு வெஸ்டன் 1936இல் கலிஃபோர்னியாவின் ஓஷியானோ மணற்குன்றுகளில் எடுத்த படங்கள் இவ்வகையின் உச்சம்; நிழல் பாதி, மணல் பாதி எனப் பிரிந்து, குன்று ஒரு வரைகோடாகவே மாறிவிடும்.

ஆனால் அக்கையேடுகள் பெரும்பாலும் நடுநேர்க்கோட்டுக்கு வெகு தொலைவிலிருந்து எழுதப்பட்டவை. காஞ்சிபுரம் ஏறத்தாழ 12.8 பாகை வடக்கே உள்ளது. சமப்பகலிரவு நாளில் இங்கே கதிரவன் மணிக்கு 14 பாகைக்கு மேல் ஏறிவிடும். ஆடம்ஸ் பணிபுரிந்த நியூ மெக்சிகோவில் ஏறத்தாழ 12 பாகையே. விடிந்து 40 நிமிடத்திற்குள் நீள்நிழல் குறையத் தொடங்கும். பாலாற்றில் காலை ஒளிக்காகக் காத்திருப்பவர் முன்னரே இடம் பார்த்து, முக்காலியை நிறுத்தி, சட்டகத்தை முடிவு செய்திருக்க வேண்டும். வெயில் வந்தபின் இடம் தேட நேரமிராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் இலக்கண மரபை அறிந்தவருக்கே அது தோன்றும். தொல்காப்பியம் பாலைக்கு வகுக்கும் சிறுபொழுது நண்பகல். பெரும்பொழுது வேனிலும் பின்பனியும். ஒளிப்படக் கையேடு விலக்கச் சொல்லும் அதே பொழுதை இலக்கணம் பாலைக்கு உரியதாக்குகிறது. காஞ்சிபுரத்தில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் நண்பகற் கதிரவன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அப்போது மணல் அலைகள் கண்ணுக்கே மறைகின்றன. நடப்பவரின் நிழல் காலடியில் ஒடுங்குகிறது. அழகான மணற்குன்றுப் படம் அப்போது கிடைக்காது. ஆனால் ‘கடத்தற்கரிய நிலம்’ என்ற உணர்வு அப்போதுதான் கிடைக்கிறது. சாய்வெயில் மணலை உடலாக்குகிறது, வளைவும் மென்மையும் தருகிறது. பிரிவின் உரிப்பொருளுக்கு அம்மென்மை பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. பாலையைப் படமாக்க விழைபவர் சில வேளை நண்பகலையே தேர்ந்து, அதன் தட்டைத்தன்மையை அச்சில் ஏற்றுக்கொள்வதே முறை என்பது என் கருத்து. அத்தகைய அச்சில் வானத்தைக் கருக்கக் கூடாது. வெண்மைக்குச் சற்றுக் கீழான இரு சாம்பல்கள், அவற்றிடையே கரிய புள்ளியாக ஒரு மனிதர் அல்லது ஓர் ஆட்டுமந்தை. அவ்வளவே போதும்.

இருட்டறையில் ஓர் எதிர்ப்படம்

இனிச் சாய்வெயிலில் எடுத்த ஓர் எதிர்ப்படத்தை அச்சு வரை தொடர்ந்து காண்போம். செவிலிமேட்டுப் பாலத்தின் மேற்புறம், வடகரையை ஒட்டி, தெற்கு நோக்கி இக்கட்டுரைக்காக எடுக்கப்பட்ட படம் அது. பிப்ரவரி மாதக் காலை, ஐ.எஸ்.ஓ. 125 கொண்ட 35 மி.மீ. படச்சுருள், ஆரஞ்சு வடிகட்டி, முக்காலியில் எஃப் 11, நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. கதிரவன் இடப்புறம். பாலத்தின் தூண்கள் இடப்பக்கத்தில் தெற்கு நோக்கிச் சிறுத்துச் செல்ல, அவற்றின் நிழல்கள் மணலில் குறுக்கே வலப்புறம் நீள்கின்றன. தெற்கு வானம் கதிரவனுக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் இருப்பதால் அங்கே நீலம் அடர்ந்தது. வடிகட்டி நன்கு செயற்பட்டது. ஆயினும் தொடுவானை ஒட்டிய புகைமூட்டத்தில் அது பெரிதாகப் பயன்படவில்லை. வெண்மையேறிய மூட்டத்தில் நீலம் குறைவு, தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

முதற்சிக்கல் காகிதத்தின் வடிவம். 35 மி.மீ. எதிர்ப்படம் 24க்கு 36 மி.மீ.; அதாவது இரண்டுக்கு மூன்று. எட்டுக்குப் பத்து அங்குலக் காகிதம் நான்குக்கு ஐந்து. முழுப்படத்தையும் வைத்தால் அச்சு ஆறே முக்காலுக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் நின்றுவிடும். காகிதத்தை நிரப்பினால் பக்கவாட்டில் ஒரு பகுதியை வெட்டியாக வேண்டும். ‘நான் எதையும் வெட்டவில்லை’ என்று கூறும் பலர், காகிதம் தமக்காக வெட்டிவிட்டதை உணர்வதில்லை.

சோதனைத் துண்டு அடுத்தது. நான்கு நான்கு நொடிகளாக ஒளியேற்றிப் பார்த்ததில் இரண்டாம் தரக் காகிதத்தில் 16 நொடி மணலுக்குப் பொருந்தியது. ஆனால் படம் சோர்ந்திருந்தது. தூண் நிழலில் கருமை போதவில்லை. மூன்றாம் தரத்திற்கு ஏறியதும் அலைமுகடுகள் எழுந்தன. தரத்தை உயர்த்துவது எப்போதும் உடனடி மகிழ்ச்சி தரும். அம்மகிழ்ச்சியை ஐயுறுவது நல்லது. ஐந்தாம் தரம் வரை சென்றால் மணலின் இடைச்சாம்பல்கள் யாவும் அழிந்து, படம் மரச்செதுக்கு அச்சுபோல் ஆகிவிடும். மணலின் தன்மை அவ்விடைச்சாம்பல்களில்தான் இருக்கிறது.

பகுதிப் பணிகள் பின்னர் வருகின்றன. ஒளி மறைத்தல், அதாவது இருட்டறைக்காரர்கள் டாட்ஜிங் என்பது, ஒரு பகுதிக்குச் செல்லும் ஒளியைச் சிறிது நேரம் தடுத்து அதை வெளிறச் செய்வது. பர்னிங் என்னும் ஒளி கூட்டல் இதற்கு எதிர்: பிற பகுதிகளை மறைத்து ஓரிடத்திற்கு மட்டும் மேலும் ஒளி தருவது. மேற்கூறிய அச்சில் தூண்களின் உள்நிழலுக்கு 4 நொடி தடுக்கப்பட்டது. அங்கே சிமெண்டின் கறைகள் தெரியத் தொடங்கின. வானத்திற்கு 10 நொடி கூட்டப்பட்டது. இங்கே ஒரு வழமையான தொல்லை எழுகிறது. வானத்தை அட்டையால் வரையறுத்து ஒளி கூட்டும்போது, தொடுவானுக்கு மேலே எழும் தூண்களின் மேற்பகுதியும் சேர்ந்து கருக்கிறது. தூண் பாதியில் நிறம் மாறியதுபோல் தோன்றும். அட்டையை அசைத்துக்கொண்டே இருந்தால் எல்லை மழுங்கும், ஆனால் கருமை நீங்காது. பல்தரக் காகிதத்தில் இதற்குத் தீர்வு எளிது: வானத்திற்கான கூடுதல் ஒளியை மட்டும் மென்தர வடிகட்டியின் வழியே தருவது. மென்தர ஒளி வெளிறிய பகுதியில் சாம்பலை ஏற்றும். ஏற்கெனவே கருத்த தூணை அவ்வளவாகத் தொடாது.

கடைசியாக உலர்தல். நாரிழைக் காகிதம் ஈரத்தில் இருப்பதைவிட உலர்ந்தபின் சற்றே கருக்கும். மணலோ ஈரத்தில் கருத்து உலர்ந்தால் வெளிறும். இரண்டும் எதிர்த்திசையில் செல்வதால், தொட்டியில் மிதக்கும் அச்சைப் பார்த்து ‘மணல் சரியாக வந்துவிட்டது’ என்று முடிவு செய்பவர் மறுநாள் ஏமாறுவார். ஒளியேற்றத்தை 5 முதல் 10 விழுக்காடு குறைத்து வைப்பது அனுபவத்தில் அமைந்த வழக்கம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ காகிதத்தில் பயின்ற முந்தைய தலைமுறையினர் இத்தகைய திருத்தங்களை மனப்பாடமாக வைத்திருந்தனர். இன்று அத்தொழிற்சாலை இல்லை. காகிதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆகவே ஒரு தாள் வீணாவதன் வலி பெரிது. கணினியில் செய்வோருக்கு அவ்வலி இல்லை. மற்றபடி தெரிவுசெய்த பகுதியைக் கருக்கலும் வெளுக்கலும் அங்கும் இவையே.

ஹெர்னாண்டசில் எழுந்த நிலவு

வறண்ட நிலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அச்சாக்கத்தின் ஆற்றலுக்கு மிகச்சிறந்த சான்று, ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த நிலவுதயப் படம். கதிரவன் மறையும் தறுவாயில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குலப் பெருங்கருவியை அவசரமாக அமைத்தார். ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பதை நினைவிலிருந்து எடுத்து, அதனை ஏழாம் மண்டலத்தில் அமர்த்தி, வடிகட்டிக்கான கூடுதலையும் சேர்த்து எஃப் 32இல் ஒரு நொடி எனக் கணக்கிட்டார். இரண்டாம் படம் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மீதிருந்த வெயில் போய்விட்டது.

படமெடுத்த நாளை ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைக் கூறினார். நிலவின் இருப்பைக் கொண்டு வானியலர்கள் பின்னர் கணித்தனர். 1991இல் டென்னிஸ் டி சிக்கோ 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்ற முடிவுக்கு வந்தார். ஓர் ஒளிப்படம் தன்னையே நாளிட்டுக்கொண்ட அரிய நிகழ்வு இது.

நமக்கு முதன்மையானது பிந்தைய வரலாறு. முன்புற நிலத்தில் எதிர்ப்படம் மெலிந்திருந்தது, அச்சிடுவது கடினமாயிற்று. 1948இல் அப்பகுதியை மட்டும் வேதிக்கரைசலால் செறிவூட்டினார். அதன் பின்னும் ஒவ்வோர் அச்சிலும் வானத்திற்கு ஒளி கூட்ட வேண்டியிருந்தது. அவர் வாழ்நாளில் இவ்வோர் எதிர்ப்படத்திலிருந்து 1,300க்கும் மேற்பட்ட அச்சுகள் உருவாயின. முற்கால அச்சுகளில் வானம் இடைச்சாம்பல். மேகக் கீற்றுகள் பரவலாகத் தெரியும். பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறையக் கருமை. நிலவு தனித்து எரிகிறது. எதிர்ப்படத்தை இசைக்குறிப்புக்கும் அச்சை இசை நிகழ்வுக்கும் ஒப்பிட்டவர் ஆடம்ஸ்; அவர் பியானோ பயின்றவர். கீர்த்தனை ஒன்றை ஒரே பாடகர் இளமையில் பாடியதற்கும் முதுமையில் பாடியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுப் பழகிய நமக்கு இவ்வொப்புமை அயலானதன்று. ஆனால் இதில் ஒரு சிக்கல் தங்கியிருக்கிறது. கீர்த்தனையைக் கேட்டு எவரும் அன்றைய வானிலையை அறிய முற்படுவதில்லை. ஒளிப்படத்தைப் பார்த்து முற்படுகிறோம்.

மேகம் வரைந்த எதிர்ப்படங்கள்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்த படைத்தலைவர் லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை முதலிய இடங்களில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டிய நெடும்படத்தால் கல்வெட்டாய்வாளர்கள் அவரை அறிவர். மெழுகிட்ட காகிதத்தில் உருவான அவர் எதிர்ப்படங்கள், முன்னர்க் கூறிய வேதியியல் காரணத்தால் வெற்று வானத்தையே தந்தன. டிரைப் அவ்வெறுமையைப் பொறுக்கவில்லை. எதிர்ப்படத்தின் மீது நிறமி தீட்டி மேகங்களை உருவாக்கினார். மரங்களின் தழைகளையும் ஆங்காங்கே திருத்தினார்.

இது ஏமாற்றா? அக்காலப் பார்வையாளர் வானற்ற படத்தை முடிவுறாத படமாகக் கண்டனர். ஓவிய மரபு அவ்வாறு பழக்கியிருந்தது. கோயிலின் சுவர், தூண், கல்வெட்டு ஆகியவற்றில் அவர் பதிவின் துல்லியம் வியப்புக்குரியது. ஆகவே அப்படங்களைக் கட்டடச் சான்றாகக் கொள்வதில் தடையில்லை. ஆனால் அவற்றின் மேகங்களைக் கொண்டு பருவம் பேசுவதோ, தழைகளைக் கொண்டு மரவகை பேசுவதோ இயலாது. ஒரே தாளில் நம்பத்தக்க பகுதியும் தீட்டிய பகுதியும் அருகருகே இருக்கின்றன. எது எது என்று பிரித்தறிய அச்சின் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டகத்தின் வலக்கீழ் மூலை

பாலாற்று எதிர்ப்படத்தில் இதுவரை சொல்லாத பகுதி ஒன்றுண்டு. வலக்கீழ் மூலையில், தூண் நிழலின் முனை முடியும் இடத்தில், மணல் அள்ளப்பட்ட பள்ளம் ஒன்றும் அதனை நோக்கிச் செல்லும் வண்டிச் சக்கரத் தடங்களும் உள்ளன. அமைப்பியல் நோக்கில் இவை இடையூறு. நிழல்களின் தாளத்தைத் தடங்கள் குலைக்கின்றன. பள்ளத்தின் கருமை கண்ணை மூலைக்கு இழுக்கிறது. எட்டுக்குப் பத்துக் காகிதத்தை நிரப்பும்படி வலப்புறம் வெட்டினால் பள்ளத்தின் பெரும்பகுதி தானாகவே வெளியேறும். எஞ்சியதை ஓரம் கருக்கலால் மூடலாம். அவ்வாறு செய்த அச்சு ஐயமின்றி மிக அழகியது. பார்த்த நண்பர்கள் இருவர், இது இராசத்தானத்தில் எடுத்ததா என்றனர்.

அவ்வினாவே அந்த அச்சின் குறையைக் காட்டிவிட்டது. தார்ப் பாலைவனத்தின் மணல் அங்கேயே உரியது; பாலாற்றின் மணற்பரப்போ நீர் நீங்கியதால் வெளிப்பட்ட ஆற்றின் படுகை. பள்ளத்தை வெட்டிய சட்டகம் ஆற்றைப் பாலைவனமாக்குகிறது. இயற்கையே இப்படி என்று கூறுகிறது. பள்ளத்தை வைத்த சட்டகம் சிலப்பதிகாரம் கூறும் பொருளில் பாலையைக் காட்டுகிறது: இயல்பு திரிந்த நிலம். இருட்டறையில் ஒரு பொய்யும் புனையப்படவில்லை, எதுவும் தீட்டப்படவில்லை. ஓர் அட்டையை இரண்டு செ.மீ. நகர்த்தியதே வேறுபாடு. சாம்பற்படி மட்டுமே மாறினாலும் பொருள் மாறும் என்பதற்கு 1994 சூன் மாதத்தில் ‘டைம்’ இதழ் ஓ. ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கருக்கி அட்டையில் வெளியிட்டு எதிர்ப்பைச் சந்தித்தது நன்கறிந்த சான்று.

பள்ளத்தை வைத்துக்கொண்டே படத்தைச் செம்மையாக்க இயலுமா என்பதே பின்னர் எழுந்த பணி. வெட்டுவதை மேலே திருப்பினோம். வானத்தின் மேற்பகுதியில் ஒரு பங்கை நீக்கியதும் தொடுவானம் நடுவிலிருந்து மேலேறி, மணல் சட்டகத்தின் பெரும்பகுதியாயிற்று. அகலம் முழுவதும் நின்றதால் அச்சு நீண்டு குறுகியது. காகிதத்தில் மேலும் கீழும் வெண்ணிற ஓரம் விட நேர்ந்தது. அது குறையன்று. பள்ளத்தின் உட்புறத்திற்கு 5 நொடி ஒளி மறைத்து, அதன் சுவரில் மணலடுக்குகள் தெரியுமாறு செய்தோம். வெறும் கரும்புள்ளியாக இருந்தது, ஆழமுள்ள இடமாயிற்று. இப்போது தூண்களின் நிழல்கள் இடமிருந்து வலமாகக் கண்ணை நடத்திச் சென்று பள்ளத்தில் கொண்டு விடுகின்றன. முன்னர்த் தாளத்தைக் குலைத்த சக்கரத் தடங்கள் அந்நடையின் கடைசி அடிகளாகிவிட்டன. மணலின் சாம்பலை முதல் அச்சைவிட அரைப் படி வெளுக்க வைத்தோம். வானத்திற்குக் கொடுத்த 10 நொடியை 6ஆகக் குறைத்தோம். கரிய வானம் இங்கே வீண் ஆரவாரமாகத் தோன்றியது. முதல் அச்சளவு இது கவர்ச்சியானதன்று. ஆயினும் இதனைப் பார்த்த எவரும் இராசத்தானத்தைக் குறிப்பிடவில்லை.

இவ்விரு அச்சுகளும் ஒரே உறையில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் பின்புறமும் மென்பென்சிலால் படமெடுத்த நாள், நேரம், நோக்கிய திசை, வடிகட்டி, காகிதத் தரம், அடிப்படை ஒளியேற்றம், மறைத்த பகுதிகளும் கூட்டிய பகுதிகளும் நொடிக்கணக்குடன், சட்டகத்தில் நீக்கிய பகுதியின் சிறு கோட்டுப்படம் ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. எதிர்ப்படத்தின் வெட்டப்படாத தொடு அச்சு ஒன்றும் அவற்றுடன் சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. அதில் வானம் வெளிறி, மணல் மங்கி, பள்ளம் மூலையில் சிறு கறையாகத் தெரிகிறது.